பதினொரு மணி

குடிவந்து ஒன்பது வருஷம்.
காலை பதினொரு மணிக்கு இந்த வீடு
எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு எழுந்து உலை வைத்து
தூக்கில் சோறு அடைத்து
தூங்குகிற பிள்ளைகள் மேல் போர்வையை இழுத்துவிட்டு
ஜீப்பில் ஏறினால்
கம்பம் மெட்டு தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, ஏலத்தோட்டம்.
திரும்பும்போது தெருவிளக்கு எரியும்.
ஞாயிற்றுக்கிழமையா?
அது அழுக்குத் துணிக்கும் ரேஷன் வரிசைக்கும் சரி.

மார்ச்சில் மெட்டுச் சாலையை அடைத்தார்கள்.
இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ்,
பாஸ் இல்லாமல் போய்வர
குரங்குகளுக்கு மட்டும் அனுமதி.

அப்போதுதான் பார்த்தேன்.
பத்தரைக்குச் சன்னல் கம்பிக்குள் நுழைகிற வெயில்
பாயைக் கடந்து, மிக்ஸியைக் கடந்து
சரியாகப் பதினொன்றுக்கு
அரிசி டப்பாவின் மேல் வந்து உட்காருகிறது.
கொஞ்ச நேரம்தான்.
வாடகை கொடுக்கிறவள் நான்
இத்தனை நாள் இதைப் பார்த்தது பல்லி.

கதவுக்குப் பின்னால், பென்சிலில்,
பிரணேஷின் கோணல் எழுத்து:
7.10
7.25
7.05
8.40 பஞ்சர்
7.15
அதற்குக் கீழே இரண்டு கோடு, பிறகு எதுவும் இல்லை.
என்னடா இது என்றேன்.
'அது பழசும்மா. ரெண்டாப்பு படிக்கிறப்ப'
என்று சொல்லிவிட்டு
முறுக்கு டப்பாவைத் திறக்கப் போனான்.

மே மாதம் சண்டை மாதம்.
சீட்டுப் பணம், அடகுக்குப் போன மோதிரம்,
யார் அக்கா வீட்டுக்கு யார் எவ்வளவு கொடுத்தது.
ஒரே அறை. கோபத்துக்கு எழுந்து போக இடமில்லாமல்
செல்லாண்டி ஜீப்பில் போய்ப் படுத்துக்கொள்வார்.
யோகஸ்ரீக்கு ஆன்லைன் வகுப்பென்றால்
அங்கிருந்தும் அவரை எழுப்பிவிடுவாள்.
'அப்பா, குறட்டை மிஸ்ஸுக்குக் கேக்குது.'

பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று
தினமும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவார்.
ஒருநாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
சொந்தப் புருஷன் ஜீப்பில் எனக்கு அது முதல் தடவை.
முன்சீட்டு எப்போதும்
வளைவில் வாந்தி எடுக்கிற லீலாவதிக்கு;
எனக்குப் பின்னால், ஸ்டெப்னி பக்கம்,
பதினாலு பேரின் முழங்காலுக்கு நடுவில்.
'எங்க போகணும்?' என்றார், முகத்தைத் திருப்பாமல்.
'மெட்டுக்கு ஒண்ணு.'
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை நீலமாய் நின்றது.
வண்டி நடுங்கியது. சீட்டிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது.
டீசல் முள்ளைப் பார்த்துவிட்டு அணைத்தார்.
'வந்தாச்சு. இறங்கு.'
அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.
மோதிரம் அடகில்தான் இருந்தது.

ஆகஸ்டில் கங்காணி பைஜு போன் செய்தான்.
'சேச்சி, காயெல்லாம் வெடிக்குது, ஆளில்ல.'
அவன் தமிழ் அப்படியேதான் இருந்தது, ஓரம் நனைந்து.
பாஸ் வர இன்னும் பதினெட்டு நாள் ஆனது.
பெயர், ஆதார், மூக்குக்குள் குச்சி.
பதினாலு பேர் ஏழு பேரானோம்.
லீலாவதி மாஸ்க்கை இறக்கி
முதல் வளைவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

தோட்டத்தில் அட்டை, மழை, குனிந்த முதுகு.
எதுவும் மாறவில்லை, கையுறைதான் புதுசு.
செடிக்கடியில் கை விட்டுக் காய் கிள்ளும்போது
என்னமோ நினைவு வந்து
கையைத் துடைத்து மணி பார்த்தேன்.
சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் ஏறிப்போய்
வீட்டுக்குப் போன் போட்டேன்.

'ஏ யோகா, வெயிலு
அரிசி டப்பாவுக்கு வந்துருச்சா?'

'அம்மா... கிளாஸ் நடக்குது, வை.'

வைக்கவில்லை நான்.
அவளும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.
யாரோ ஒரு மிஸ் அந்தப் பக்கம்
பின்னம் நடத்திக்கொண்டிருந்தார்.

'இங்க மழைம்மா' என்றாள்.